காசு எண்ணும் மெஷினுக்குக் கண் இல்லை

மினி ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. ஒவ்வொரு வருஷமும் குறைந்தது ஒரு டீமாவது 'காயின் சார்ட்டர்' செய்யும். போன வருஷம் அந்த டீம் நாங்கதான். இந்த வருஷம் நீங்களாக இருந்தால், வேலையை ஆரம்பிக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

எங்க டிசைன் ரொம்ப எளிமையானது. ஒரு சாய்வான தடம், அதில் வரிசையாக நாலு துளைகள். முதல் துளை சிறியது, கடைசித் துளை பெரியது. உருண்டு வரும் நாணயம் தனக்கு ஏற்ற துளை வந்ததும் விழுந்துவிடும். கீழே ஒரு ஐ.ஆர். சென்சார் எண்ணும், அர்டுயினோ கூட்டிச் சொல்லும். 2011 வரிசை நாணயங்களை வைத்து அளவெடுத்தோம்: 1 ரூபாய் 21.93 மி.மீ., 5 ரூபாய் 23 மி.மீ., 2 ரூபாய் 25 மி.மீ., 10 ரூபாய் 27 மி.மீ. ரூமில் பத்து தடவை ஓட்டிப் பார்த்தோம். பத்து தடவையும் சரி.

ரிவ்யூ அன்று எங்க கைடு, கேன்டீன் கல்லாவிலிருந்து ஒரு கைப்பிடி சில்லறை வாங்கி வந்து போட்டார். 2 ரூபாய் டப்பாவில் பாதி 1 ரூபாய் காசு!

தப்பு கோடில் இல்லை, துளையிலும் இல்லை. அது எங்கே என்று புரிய, காசு வாங்கும் மெஷின்கள் வளர்ந்த கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

எடை மட்டும் தெரிந்த முதல் மெஷின்

கி.பி. முதல் நூற்றாண்டு. எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நகரத்தில் ஹெரோன் என்ற பொறியாளர், கோயிலில் புனித நீர் தரும் ஒரு கருவியை விவரித்து எழுதியிருக்கிறார். மேலே இருக்கும் துளையில் காசு போட்டால், உள்ளே ஒரு நெம்புகோலின் நுனியில் உள்ள சிறு தட்டில் விழும். எடையால் தட்டு இறங்கும், நெம்புகோலின் மறுமுனை உயர்ந்து வால்வைத் திறக்கும், தண்ணீர் வரும். தட்டு சாயச் சாய காசு வழுக்கி விழுந்துவிடும். உடனே நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பி, வால்வு மூடிக்கொள்ளும்.

அழகான டிசைன், இல்லையா? ஆனால் யோசித்துப் பாருங்க, அந்த எடையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாலும் தண்ணீர் வரும். மெஷினுக்குத் தெரிந்தது எடை மட்டும்தான். அது காசா, கல்லா என்று அதுக்குத் தெரியாது.

காசு போட்டால் பொருள் தரும் மெஷின்கள் ஊரெங்கும் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1880-களில் லண்டன் ரயில் நிலையங்களில் பெர்சிவல் எவரிட்டின் அஞ்சலட்டை மெஷின்கள் வந்தன. 1889-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் கிரே காசு போட்டுப் பேசும் தொலைபேசியை அமைத்தார். பின்னாளில் வந்த காசு ஃபோன்களில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே விழும் காசு மணியில் மோதி ஒலி எழுப்பும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒவ்வொரு விதமான ஒலி. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அதைக் காதால் கேட்டுத்தான் காசு கணக்குப் பார்ப்பார். சென்சார் என்று பார்த்தால், அங்கே ஒரு மனுஷக் காதுதான்!

போலிக் காசும் காந்தமும்

மெஷின் வந்த கையோடு ஏமாற்றும் வேலையும் வந்தது. வாஷர், ஈயத் துண்டு, தகரத் துண்டு என்று எல்லாம் துளைக்குள் போயின. அதனால் சோதனைகள் ஒவ்வொன்றாகக் கூடின: விட்டம் சரியா, தடிமன் சரியா, எடை சரியா, நடுவில் ஓட்டை இருக்கிறதா?

இவை எல்லாவற்றையும் விடப் புத்திசாலித்தனமானது காந்தச் சோதனை. நாணயம் ஒரு நிலைக்காந்தத்தைத் தாண்டி உருளும். இரும்பாக இருந்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். இரும்பு இல்லாத உலோகமாக இருந்தால்? நகரும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உருவாகி, லென்ஸ் விதிப்படி அந்த நகர்வையே எதிர்க்கும். பன்னிரண்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய அதே விதிதான். நன்றாக மின்சாரம் கடத்தும் வெள்ளி அதிகமாக வேகம் குறையும். ஈயம் அவ்வளவாகக் குறையாது. ஆக, காந்தத்தைத் தாண்டி வெளியே வரும் வேகமே உலோகத்தின் அடையாளம். சரியான வேகத்தில் வந்தால் உள் வழியில் விழும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் திருப்பித் தரும் வழியில் விழும். மின்சாரமே தேவையில்லை.

மெஷினுக்காக மாறிய நாணயம்

இப்போ கதையின் முக்கியமான இடம். 1960-களில் அமெரிக்காவில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தது. அதுவரை 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களில் 90% வெள்ளி. வேறு உலோகத்துக்கு மாற வேண்டிய கட்டாயம். ஆனால் நாடு முழுக்க இருந்த மெஷின்கள் வெள்ளியின் வேகத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. புது நாணயத்தை அவை துப்பிவிட்டால் வியாபாரம் நின்றுவிடும்.

வெறும் செம்பு-நிக்கல் கலவை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் 1965-ல் சாண்ட்விச் மாதிரி ஒரு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் சுத்தமான செம்பு. இரு பக்கமும் 75% செம்பு, 25% நிக்கல் கலந்த தகடு. பார்க்க வெள்ளி நிறம், காந்தத்தின் முன்னால் வெள்ளியின் நடத்தை. 25 சென்ட் நாணயத்தின் எடை 6.25 கிராமிலிருந்து 5.67 கிராமாகக் குறைந்தது. ஆனாலும் பழைய மெஷின்கள் பழையதையும் புதியதையும் ஒன்றாக ஏற்றுக்கொண்டன.

2000-ல் தங்க நிறத்தில் புது 1 டாலர் நாணயம் வந்தபோதும் இதையேதான் செய்தார்கள். 1979-ல் வந்த பழைய டாலரின் மின்காந்த அடையாளத்துக்குப் பொருந்துகிற மாதிரி கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறம் மாறியது; மெஷினுக்குத் தெரியும் முகம் மாறவில்லை.

இன்னொரு அழகும் உண்டு. அவர்களுடைய 10 சென்ட் 2.268 கிராம், 25 சென்ட் 5.67 கிராம். மதிப்பும் இரண்டரை மடங்கு, எடையும் சரியாக இரண்டரை மடங்கு. அதனால் இந்த இரண்டையும் கலந்து தராசில் போட்டாலும், 22.68 கிராமுக்கு 1 டாலர் என்று கணக்குப் போட்டுவிடலாம்!

வேகமாக எண்ணுவது எப்படி?

வங்கிகளில் மூட்டை மூட்டையாக வரும் காசுக்கு எங்க சாய்வுத் தடம் போதாது. அங்கே ஒரு தட்டு சுழலும். அதன் மேற்பரப்பு ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். அதற்கு மேலே, அடிப்பக்கத்தில் பள்ளங்கள் வெட்டிய ஒரு உலோகத் தட்டு அசையாமல் நிற்கும். சுழற்சியில் காசுகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பள்ளத்துக்குள் ஒற்றை வரிசையாகும். எல்லாக் காசின் ஒரு விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும்படி பள்ளம் வழிநடத்தும். அப்போ மறு விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை விட்டம்தானே தீர்மானிக்கும்? அந்த அந்த இடத்தில் ஒரு வெளிவாசல் வைத்தால் போதும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான காசுகளை இப்படிப் பிரிக்கலாம்.

இன்றைய மெஷின்களில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள். அதில் மாறுதிசை மின்னோட்டம் செலுத்துவார்கள். குறைந்த அதிர்வெண்ணில் காந்தப்புலம் காசின் உள்வரை போகும். அதிக அதிர்வெண்ணில் மேல்தோலோடு நின்றுவிடும். இரண்டையும் ஒப்பிட்டால், மேலே ஒரு உலோகம் உள்ளே ஒரு உலோகம் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இப்போ கேன்டீன் கல்லாவுக்கு வருவோம்

ரிவ்யூ முடிந்ததும் எங்க டப்பாவில் தப்பாக விழுந்த காசுகளை எடுத்துப் பார்த்தோம். எல்லாமே 2011-க்கு முந்தைய 1 ரூபாய். அதன் விட்டம் 25 மி.மீ. 2011-ல் வந்த 2 ரூபாயும் 25 மி.மீ.

"சரி, எடையும் பார்ப்போம்" என்று லோட் செல் வாங்கினோம். பழைய 1 ரூபாய் 4.85 கிராம். 2011-ன் 2 ரூபாயும் 4.85 கிராம். உலோகம்? இரண்டுமே ஃபெரிட்டிக் துருப்பிடிக்காத எஃகு, இரண்டுமே காந்தத்தில் ஒட்டும். அமெரிக்க மெஷினில் போலியைப் பிடிக்க வைத்த காந்தம், இங்கே அசலையே பிடித்துக்கொள்ளும்! இரண்டாயிரம் வருஷமாகச் சேர்ந்த சோதனைகள் அத்தனையும் வரிசையாக வைத்தாலும், இந்த இரண்டு காசும் அதுக்கு ஒன்றுதான்.

இது ஏதோ ப்ராஜெக்ட் மார்க் விஷயம் மட்டும் இல்லீங்க. பார்வையற்ற ஒருவர் பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்கும்போது, அவர் விரல்களும் அளவையும் எடையையும்தான் பார்க்கின்றன. எங்க மெஷின் தோற்ற இடத்தில்தான் அவரும் தினமும் தடுமாறணும். 2019-ல் வந்த புது வரிசை இதை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது: 1 ரூபாய் 20 மி.மீ., 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25, 10 ரூபாய் 27 என்று மதிப்போடு அளவும் ஏறும். 20 ரூபாய்க்கும் 27 மி.மீ.தான், ஆனால் அதன் விளிம்பு வட்டம் இல்லை, பன்னிரண்டு பக்கம். ஆனால் பழையவையும் செல்லும் என்பதால் எல்லாம் ஒரே பையில் கிடக்கின்றன. 25 மி.மீ. துளையில் இன்று 1, 2, 5 மூன்றுமே விழலாம்.

அப்போ நீங்க என்ன செய்யலாம்? இரண்டு வழி. ஒன்று, கேமரா வைத்து முகத்தைப் படிக்கும் முறைக்குப் போங்க. 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் அச்சில் மட்டும்தான் இருக்கிறது. இல்லையா, "இந்த வரிசை நாணயங்களை மட்டுமே பிரிக்கும்" என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிடுங்க. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாங்க இரண்டாவது ரிவ்யூவில் அதைத்தான் எழுதினோம். கைடு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சென்சார் ஆர்டர் போடும் முன்னால் ஒரு வேலை செய்யுங்க. வீட்டில், கடையில், கேன்டீனில் கிடைக்கும் எல்லா வகைக் காசையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து, எடை போட்டு ஒரு அட்டவணை எழுதுங்க. எந்த இரண்டு வரிகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று பாருங்க. உங்க ப்ராஜெக்டின் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கும்.