கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: என் முதல் நாவலைப் பதிப்பகத்திடம் கொடுப்பதா, நானே கிண்டிலில் வெளியிடுவதா?

பதில்: ராயல்டியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கிண்டில் மின்னூலுக்கு 35 அல்லது 70 சதவீதம் தருகிறது. ஆனால் பிழைதிருத்தம், அட்டை, விளம்பரம் எல்லாம் உங்கள் தலையில். நல்ல எடிட்டர் உள்ள பதிப்பகம் கிடைத்தால், முதல் நாவலுக்கு அதையே சொல்வேன்.

ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும். ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்றிருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனித்தனியே பேசுங்கள்.