அந்த 28ஐ யார் அளந்தது?



போன மாதம் சாரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், உள்கடன் வரவு எல்லாம் எழுதி நோட்டை மூடப்போகும் நேரம். உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எம்பையன் வண்டி மாத்தணும்ங்கிறான். முன்பணத்துக்குக் கூட்டமைப்புல கடன் வேணும். நம்ம குழு தீர்மானம் போட்டுக் குடுக்கணும்" என்றார்.

பையன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு முக்கிய வருமானம். அவரும் வாசலில் நின்றிருந்தார். "செகண்ட்ஸ்ல ஒரு ஹைபிரிட் வண்டி பாத்திருக்கேன்க்கா. லிட்டருக்கு 28 போகுமாம். இப்ப ஓட்டுறது 12தான் குடுக்குது. மிச்சமாகுற பெட்ரோல் காசுலயே தவணையைக் கட்டிடுவேன்" என்றார்.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். அப்போது மூத்த உறுப்பினர் ஒரு அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, அந்த 28ஐ யாரு அளந்தது?"

பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்த மாதப் பாடம். நம் வீடுகளில் கார் ஓட்டுகிற கணவர், மகன், தம்பி நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு வாங்கும் கடனில் நம் கையெழுத்தும் இருக்கிறது.

ஹைபிரிட் என்றால் என்ன?

ஒரே வண்டியில் பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் இருந்தால் அது ஹைபிரிட். சாதாரண வண்டியில் பிரேக் போட்டால், ஓடி வந்த வேகம் சூடாக மாறி வீணாகிவிடும். ஹைபிரிட்டில் அந்த வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடும். நம் சிறுசேமிப்பு மாதிரிதான். சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு செய்யும். இன்ஜின் கொஞ்ச நேரம் அணைந்தே இருக்கும்.

இதனால் காமராஜர் சாலை நெரிசலில் நின்று நின்று போகும்போது லாபம் அதிகம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி ஒரே வேகத்தில் போனால் பிரேக் போடும் வேலை குறைவு. சேமிப்பே போடாத மாதத்தில் எடுக்க என்ன இருக்கும்? இன்ஜின்தான் பெரும்பாலும் இழுக்க வேண்டும். அதோடு வேகம் கூடக்கூடக் காற்று எதிர்த்துத் தள்ளும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

அதற்காக நெடுஞ்சாலையில் ஹைபிரிட்டால் லாபமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதன் இன்ஜினே சிக்கனமாக ஓடும்படி செய்யப்பட்டது. ஊருக்குள் கிடைக்கும் அளவு லாபத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெயர் ஒன்று, வகை இரண்டு

நம் நாட்டில் 2008ல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. 2010ல் டொயோட்டா பிரியஸ் வந்தது. விலை அதிகம் என்பதால் இரண்டும் அதிகம் ஓடவில்லை. 2015ல் மாருதி சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகள் 'எஸ்.எச்.வி.எஸ்.' என்ற பெயரில் வந்தன. இவை லேசான ஹைபிரிட். மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும். தனியாக வண்டியை ஓட்டாது. நெடுஞ்சாலையில் அதன் உதவி சொற்பம். மத்திய அரசும் 2017 ஏப்ரல் முதல் இந்த லேசான வகைக்கு மானியத்தை நிறுத்திவிட்டது.

2022ல் வந்த ஹோண்டா சிட்டி இ.எச்.இ.வி., மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றில் முழு ஹைபிரிட் வகை உண்டு. அதே பெயரில் முழு ஹைபிரிட் இல்லாத வண்டிகளும் விற்கின்றன. "ஹைபிரிட்" என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

காகிதத்தில் உள்ள எண்

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் முழு ஹைபிரிட்டுக்கு நிறுவனங்கள் சொன்ன மைலேஜ் 27.97. பையன் சொன்ன 28 இதுதான். இது பொய் இல்லை. ஆனால் சோதனைக்கூடத்தில், உருளைமேல் வண்டியை ஓட்டி அளந்தது. அந்தச் சோதனையில் அதிகபட்ச வேகமே 90. சராசரி வேகம் சுமார் 32தான். ஏ.சி. ஓடாது. நம் பையனோ நான்கு பேர், பெட்டிகள், முழு ஏ.சி., நேரத்துக்கு விமானம் என்று ஓட்டுகிறவர்.

அளக்கும் முறை மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. 2004ல் வந்த பிரியஸுக்கு அங்குள்ள அரசு அமைப்பு முதலில் கொடுத்த எண், நம் கணக்கில் ஊருக்குள் 25.5, நெடுஞ்சாலையில் 21.7. அதிக வேகம், ஏ.சி., குளிர் எல்லாவற்றையும் சேர்த்து 2008ல் சோதனையை மாற்றினார்கள். அதே வண்டிக்கு ஊருக்குள் 20.4, நெடுஞ்சாலையில் 19.1 என்று ஆகிவிட்டது. வண்டி மாறவில்லை, அளவுதான் மாறியது.

பழசுக்கும் புதுசுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

பிரியஸ் 1997லிருந்து தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதனால் பழசையும் புதுசையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அது வசதி. அமெரிக்காவின் திருத்திய முறைப்படி நெடுஞ்சாலை மைலேஜ், லிட்டருக்குக் கிலோமீட்டரில்:

2001 வண்டி – 17.4
2004 வண்டி – 19.1
2010 வண்டி – 20.4
2016 வண்டி – 21.3
2023 வண்டி – 23.8

புதுசு நல்லதுதான். இன்ஜின், பேட்டரி, காற்றைக் கிழிக்கும் உருவம் எல்லாமே முன்னேறியிருக்கிறது. ஆனால் இதை ரூபாயாக மாற்றிப் பார்த்தால்தான் நமக்குப் புரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

12 கொடுக்கும் வண்டி – 250 லிட்டர் – ரூ.25,000
19 கொடுக்கும் வண்டி – 158 லிட்டர் – ரூ.15,800
24 கொடுக்கும் வண்டி – 125 லிட்டர் – ரூ.12,500
28 கொடுக்கும் வண்டி – 107 லிட்டர் – ரூ.10,700

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 12லிருந்து 19க்குப் போனால் மாதம் 9,200 ரூபாய் மிச்சம். 19லிருந்து 24க்குப் போனால் 3,300தான். மேலே போகப்போக மிச்சம் சிறுத்துக்கொண்டே வரும். புது வண்டிக்காகக் கூடுதலாகக் கட்டும் தவணை அந்த 3,300க்குள் அடங்குமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 28 என்று நம்பித் தவணை பேசினால் மிச்சம் 14,300 என்று தோன்றும். ரோட்டில் 19தான் வந்தால் 9,200. மாதாமாதம் 5,100 ரூபாய் துண்டு விழும். அதை யார் கட்டுவது? வீட்டு அரிசிச் செலவிலிருந்து அந்த அம்மா கட்டுவார். முடியாவிட்டால் குழு கட்டும்.

நாமே அளப்பது எப்படி?

1. பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஊற்றக் கூடாது.
2. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை எழுதி வையுங்கள்.
3. வழக்கமான ஓட்டம் போய் வாருங்கள். சென்னை போய்த் திரும்பினால் சுமார் 300 கிலோமீட்டர். ஏ.சி., ஆட்கள், சாமான் எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும்.
4. அதே பங்கில் அதேபோல மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரைப் பில்லிலிருந்து எழுதுங்கள்.
5. ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். உதாரணமாக 300 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்றால் மைலேஜ் 20.

மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். வண்டித் திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வாங்குவதற்கு முன் அளக்க, அதே மாடல் வைத்திருக்கும் டிரைவர் ஒருவருடைய சென்னை ஓட்டத்தில் கூடப் போய் வரலாம்.

பழைய ஹைபிரிட் வாங்கும்போது

பெரிய பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு இங்கே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகிறார்கள். வாடகை வண்டி அந்தக் கிலோமீட்டரைச் சீக்கிரம் தாண்டிவிடும். நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பேட்டரியைச் சோதித்து எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் முடிந்த வண்டி என்றால், பேட்டரி மாற்ற என்ன செலவு என்று கேட்டு அதற்கும் மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

குழு எடுத்த முடிவு

அந்த அம்மா கேள்வி கேட்டதும் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தாய்க்கும் வருத்தம்தான். "எம்பையனை நம்ப மாட்டீங்களா?" என்றார். "பையனை நம்புறோம்மா. அந்த எண்ணைத்தான் நம்பல" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கடனை மறுக்கவில்லை. ஒரு மாதம் தள்ளிவைத்துத் தீர்மானம் எழுதினார்கள். பையன் இப்போது தன் பழைய வண்டியின் மைலேஜை நோட்டுப் போட்டு எழுதி வருகிறார். பார்த்து வைத்த வண்டியின் மாடலில் ஒரு நண்பரோடு சென்னை போய் அளந்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டு எண்ணும் வந்த பிறகு தவணை பேசலாம். அவர் 28க்குப் பதில் 20 என்று வந்து சொன்னாலும், தவணை அதற்குப் பொருந்தினால் தாராளமாகக் கடன் கொடுக்கலாம்.

குழுவில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் வாகனக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் மைலேஜை அளந்தார்களா, யாராவது சொன்னதை நம்பினார்களா?
2. உங்கள் வீட்டு வண்டி மாதம் எத்தனை லிட்டர் குடிக்கிறது? அடுத்த கூட்டத்துக்குள் அளந்து எழுதி வாருங்கள்.
3. தையல் மிஷின், கிரைண்டர், கறவை மாடு வாங்கும்போதும் "இவ்வளவு கிடைக்கும்" என்று ஒரு எண் சொல்வார்கள். அதை யார் அளந்தது என்று கேட்டோமா?