வண்டி மோதிய முதல் நாள்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அப்பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஆதி அருணாசலேசுவரரைத் தரிசித்த அங்கத்தினர்கள் நம்மில் பலர். அதே பாதையில் பூக்கூடையைச் சைக்கிளில் கட்டிச் செல்லும் விவசாயியும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன்களும் சிறு லாரிகளும் நாள்தோறும் செல்லுகின்றன.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றைத் தணிக்கை செய்யச் சென்றபோது, தறியில் உட்கார இயலாதிருந்த அங்கத்தினர் ஒருவரைக் கண்டோம். கிரிவலம் சென்றவரை அடி அண்ணாமலைக்கருகில் சாமான் வேன் ஒன்று இடித்துத் தள்ளிற்று. டிரைவர் இறங்கி, “அண்ணே, பெரிய காயமில்லை, கேஸ் என்று போனால் இருவருக்கும் அலைச்சல்” என்று சொல்லி, மூவாயிரம் ரூபாயைக் கையில் வைத்துப் போய்விட்டார். மறுநாள் கால் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, போலீசுக்கு அஞ்சி, “வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டார். முழங்கால் மடங்கவில்லை; மிதியை அழுத்த முடியவில்லை. வண்டியின் எண் தெரியாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வண்டி என்ற சொல்லே இல்லை. அவருக்குச் சட்டம் பல உரிமைகளைத் தந்திருந்தது. அவற்றை இழக்கச் செய்தது முதல் நாளில் சொன்ன ஒரு சொல். ஆகவே முதல் நாளில் செய்ய வேண்டுவனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. உயிரே முதல்

அடிபட்டவரை வண்டிப் போக்கிலிருந்து காக்க வேண்டும். ஆனால் கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருக்கலாம் எனத் தோன்றினால், உடனடியான ஆபத்து இருந்தாலன்றித் தூக்கிப் புரட்டலாகாது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நினைவு தடுமாறுபவருக்குத் தண்ணீர் புகட்டுதல் தவறு. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடனே 108 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

உதவப் போனால் சாட்சிக் கூண்டில் நிற்க நேரும் என்னும் அச்சம் வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆஸ்பத்திரிகளின் கடமையும் தெளிவானதே. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதிற்று. அவரை ஏற்காத ஓர் ஆஸ்பத்திரி, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிற்று. வழியிலேயே அவர் இறந்தார். இச்செய்தியின் பேரில் எழுந்த பரமானந்த் கடாரா வழக்கில், உயிர் காப்பதே முதற்கடமை, போலீஸ் சடங்குகள் பிறகே என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ல் தீர்ப்பளித்தது. அக்கடமை சர்க்கார் டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் ஒன்றே.

பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். தமிழ்நாடு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், பட்டியலிலுள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. மத்திய சர்க்கார் 2025 மே மாதம் அறிவித்த திட்டம், விபத்து நாள் முதல் 7 நாள் வரையில், ரூ. 1,50,000 வரை பணமின்றிச் சிகிச்சைக்கு வழி செய்தது.

2. இடத்தில் குறிக்க வேண்டுவன

வண்டியின் எண்ணே யாவற்றிலும் முக்கியம். பிறகு வண்டியின் நிறம், அதன்மீது எழுதியுள்ள கம்பெனிப் பெயர், டிரைவரின் பெயர், நேரம், இடம், அருகில் நின்ற இருவரின் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கைப்பேசி உள்ளவர் வண்டியையும், சக்கரத் தடத்தையும், உடைந்த சைக்கிளையும் படமெடுத்து வைக்கலாம். அடுத்த கடையில் கேமரா இருந்தால் அதைப் போலீசாரிடம் தெரிவிக்க வேண்டும். அப்பதிவுகள் சில நாட்களில் அழிந்துபோகும்.

காயமடைந்தவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்திற்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் டிரைவரின் கடமை என்று 134-ஆம் பிரிவு கூறுகிறது. பாதையோரத்தில் பணம் கொடுத்து முடிப்பது சட்டத்தில் இல்லாத வழி. கூட்டம் கூடி டிரைவரை அடிப்பதும் அவ்வாறே. அடிக்கு அஞ்சி அவர் ஓடிவிட்டால் நஷ்டம் காயமடைந்தவருக்கே.

3. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுக

எந்த வண்டி, எங்கே, எப்படி மோதிற்று என்று டாக்டரிடம் உள்ளபடியே சொல்ல வேண்டும். அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் முதல் வரிகள் பின்னர் கோர்ட்டில் பெரிய சாட்சியாகின்றன. சிறு காயமெனினும் அன்றே காட்டுக. தலையிலும் வயிற்றிலும் பட்ட அடி சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும்.

அடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி தமக்குத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கையை அனுப்ப வேண்டும்.

4. நஷ்டஈடு யார் தருவது?

பாதையில் செல்லும் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். டிரைவர் ஏழையாக இருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏழையன்று. 164-ஆம் பிரிவின்படி, எவர் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்திற்கு ரூ. 5,00,000-மும் கொடுங்காயத்திற்கு ரூ. 2,50,000-மும் பெறலாம். அதனினும் மிகுந்த நஷ்டம் உண்டானால், வண்டியோட்டியின் தவறை மெய்ப்பித்து 166-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஊரிலன்றித் தாம் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுக் கொடுக்கலாம். ஆரணிக்காரர் திருவண்ணாமலைக்கு அலைய வேண்டுவதில்லை. ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் விதி 2022-ல் அமலாயிற்று, தாமதம் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாதார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மோதிய வண்டி இன்னதென்று தெரியாமற் போனாலும் வழி உண்டு. 161-ஆம் பிரிவின்கீழ் 2022-ல் வந்த திட்டப்படி மரணத்திற்கு ரூ. 2,00,000-மும் கொடுங்காயத்திற்கு ரூ. 50,000-மும் கிடைக்கும், மனுவை வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். எண்ணைக் குறித்தவருக்கும் குறிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு இத்தொகைகளிலேயே விளங்கும்.

5. சங்கப் புத்தகமே சாட்சி

இனி நம் சங்கங்களுக்குரிய பகுதிக்கு வருவோம். கை இழந்த தச்சரும் கை இழந்த குமாஸ்தாவும் ஒரே அளவில் சம்பாத்தியம் இழப்பதில்லை என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கிற்று. ஊனத்தின் அளவன்று, அவ்வூனத்தால் தொழிலில் நேர்ந்த இழப்பே கணக்கு. மடங்காத முழங்கால் மேஜையில் எழுதுபவருக்கு ஒரு குறை. குழித்தறியில் மிதியை அழுத்துபவருக்கோ அது பிழைப்பே போனதாகும். இதை டாக்டரும் கோர்ட்டும் அறியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வருமானம். 38 வயதுள்ள நெசவாளர் மாதம் ரூ. 9,000 ஈட்டினார் என்றும், சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 40 பங்கு இழந்தார் என்றும் கொள்வோம். ஆண்டு இழப்பு ரூ. 43,200. சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பட்டியலின்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆகவே தொகை ரூ. 6,48,000. வருமானத்துக்கு அத்தாட்சியில்லை என்று ரூ. 6,000 மட்டும் கொள்ளப்பட்டால் தொகை ரூ. 4,32,000 ஆகும். ஒரு சிறு பாஸ் புத்தகம் இல்லாமையால் ரூ. 2,16,000 நஷ்டம்!

காகிதமில்லாத உழைப்பாளியையும் கோர்ட்டு கைவிடுவதில்லை. காய்கறி விற்ற ஒருவர் கால் இழந்த வழக்கில், கணக்குப் புத்தகம் கேட்பது பொருந்தாது என்று சொல்லி, மாத வருமானம் ரூ. 6,500 எனச் சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் நிர்ணயித்தது. எனினும் அதற்கு அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை செல்ல நேர்ந்தது.

ஆகவே காரியதரிசிகள் கூலிப் பதிவேட்டை அன்றன்றே எழுதி, பாஸ் புத்தகத்திலும் பதிந்து கொடுக்க வேண்டும். தணிக்கையில் நாம் அடிக்கடி காணும் குறை ஒன்றுண்டு. மனைவி நெய்த துணியின் கூலியும் கணவர் பெயரிலேயே வரவு வைக்கப்படுகிறது. நாளை அந்த அம்மாள் அடிபட்டால், அவர் சம்பாதித்தார் என்பதற்குச் சங்கத்தில் ஒரு வரியும் இராது. பூவும் நிலக்கடலையும் விற்கும் விவசாயிகளும் விற்பனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக.

அந்த நெசவாளரின் சங்கத்தில் கூலிப் பதிவேடு ஒழுங்காகவே இருந்தது. வண்டியின் எண்தான் இல்லை. இரண்டும் இருக்க வேண்டும் என்பதே இப்பாடம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுமாறு பஞ்சாயத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. வண்டி மோதியவர் ஆஸ்பத்திரியில் “வழுக்கி விழுந்தேன்” என்று சொன்னால் என்னென்ன இழப்பார்?
2. மோதிய வண்டி தெரியாவிடில் யாரிடம் மனுச் செய்வது?
3. நம் சங்கத்தில் தறியில் உழைக்கும் பெண்களில் எத்தனை பேருக்குத் தம் பெயரில் பாஸ் புத்தகம் உண்டு? இல்லாதவர்களுக்கு எந்தத் தேதிக்குள் கொடுப்பது?