டாம்பன்: முதல் தடவை பயம் வேண்டாம்

சகோதரியே! மாதவிலக்கு நாட்களில் உள்ளே வைத்துக்கொள்ளும் விரல் அளவுப் பஞ்சு உருளைதான் டாம்பன். முதல் தடவை கை நடுங்குவது இயல்பே.

"உள்ளே போய் தொலைஞ்சிடுமா?"
தொலையாது. பாதை கருப்பை வாயோடு முடிகிறது. அதன் துளை மிகச் சிறியது. எடுப்பதற்கு நூலும் வெளியே இருக்கும்.

"ஒண்ணுக்குப் போக முடியுமா?"
முடியும். அந்தத் துவாரம் வேறு.

"கன்னித்தன்மை போயிடுமா?"
போகாது. சவ்வில் இயற்கையாகவே துளை உண்டு. சவ்வைப் பார்த்துக் கன்னித்தன்மையை யாராலும் சொல்ல முடியாது.

செய்முறை: போக்கு அதிகமுள்ள நாளில், மிகச் சிறிய அளவில் தொடங்குங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சை மெல்ல விட்டபடி, முதுகுப் பக்கம் சாய்வாகச் செலுத்துங்கள். உறுத்தினால் இன்னும் சற்று உள்ளே போகணும். வலித்தால் நிறுத்திவிடுங்கள், அவசரமில்லை.

எச்சரிக்கை: 4 முதல் 8 மணி நேரத்துக்குள் கட்டாயம் மாற்றுங்கள். 1980-ல் அமெரிக்காவில், அதிகம் உறிஞ்சும் டாம்பன்களைப் பயன்படுத்திய பெண்கள் பலருக்குக் கிருமி நச்சு ஏறி, சிலர் இறந்தனர். இது அபூர்வமே. ஆனாலும் திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோல் சிவத்தல், மயக்கம் கண்டால் டாம்பனை எடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிடிக்கவில்லையா? சுத்தமான துணியோ நாப்கினோ போதும். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.