வரையத் தெரியாதவங்களுக்கு என்ன வேலை?

தங்கச்சி, தெருமுனைச் சுவர்ல ஊரே சேர்ந்து ஓவியம் வரையணும்னு நீ ஆசைப்படுறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. யாரை வரையக் கூப்பிடலாம், என்ன வரையலாம்னு கேட்டிருக்க. அதுக்கு முன்னாடி நீ விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. வரையத் தெரியாதவங்க அங்க என்ன செய்யப் போறாங்க? உன் தெருவுல முக்கால்வாசிப் பேர் அவங்கதான். அதை யோசிக்காம ஆரம்பிச்சா, ஓவியக் கல்லூரிப் பிள்ளைங்க நாலு பேர் வேலை செய்வாங்க, மத்தவங்க நின்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க. சுவர் அழகா இருக்கும். எதிரெதிர் வீட்டுக்காரங்க அப்பவும் பேசிக்க மாட்டாங்க.

லாஸ் ஏஞ்சலஸ்ல வெள்ளநீர் ஓடுற ஒரு கான்கிரீட் கால்வாய்ச் சுவர்ல ஜூடித் பாக்கான்னு ஒரு ஓவியர் 1976-ல ஒரு வேலையை ஆரம்பிச்சாங்க. ‘லாஸ் ஏஞ்சலஸின் பெருஞ்சுவர்’னு அதுக்குப் பேர். 1983 வரைக்கும் பல கோடைக்காலங்கள்ல நடந்து, நீளம் கிட்டத்தட்ட அரை மைல், அதாவது 2,754 அடிக்கு வளர்ந்துச்சு. வரைஞ்சவங்க 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள். போலீஸ் வழக்குல மாட்டின பசங்களும் அதுல நிறைய பேர். அந்தப் பகுதியில வாழ்ந்த பூர்வகுடிகள், மெக்சிகோ வழி வந்தவங்க, கறுப்பினத்தவர், ஜப்பானிய வம்சாவளியினர்னு பாடப்புத்தகம் விட்டுட்டுப் போன மக்களோட வரலாறு அந்தச் சுவர்ல இருக்கு. படம் போடுறதுக்கு முன்னாடி வரலாற்று அறிஞர்கள்கிட்ட கேட்டாங்க, அந்த வரலாற்றை வாழ்ந்தவங்ககிட்டயும் உட்கார்ந்து கேட்டாங்க. கேட்கிறதும் ஓவிய வேலைதான், அதுக்குத் தூரிகை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அதனால உன் முதல் வேலை, கேள்வி கேட்கப் பத்துப் பேரைச் சேர்க்கிறது. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைங்க இதுக்கு அருமையா ஒத்துவருவாங்க. ‘சுவர்ல என்ன வரையலாம்?’னு மட்டும் கேட்க வேண்டாம்னு சொல்லி அனுப்பு. அப்படிக் கேட்டா மயில், மரம், உலக உருண்டைனு எங்கேயோ பார்த்த படமாவே பதில் வரும். ‘இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? தண்ணிக்கு எங்க போனீங்க? முதல்ல யார் வீட்டுல டிவி வந்துச்சு?’ இப்படிக் கேட்டா பாட்டிங்க நிறுத்தாம பேசுவாங்க. தூர்ந்துபோன குளமும், ரோடு அகலப்படுத்தினப்ப வெட்டின புளியமரமும், அடிபம்பு வரிசையும் அந்தப் பேச்சுலதான் கிடைக்கும். மருந்துக் கடைக்காரரும் இட்லி அக்காவும் இஸ்திரி போடுறவரும் ஊரைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க. அவங்களை விட்டுடாதே.

கேட்டதை வெச்சு மாதிரிப் படம் ரெண்டு மூணு சார்ட் பேப்பர்ல போட்டு, டீக்கடையிலயோ ரேஷன் கடைப் பக்கத்துலயோ ஒரு வாரம் தொங்கவிடு. பக்கத்துல ஒரு பேனாவைக் கட்டி வை. கூட்டம் போட்டா ஆம்பளைங்க குரல்தான் கேட்கும். பேனா இருந்தா, கூட்டத்துல வாய் திறக்காத பெண்களும் எழுதிட்டுப் போவாங்க.

ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். பொதுச் சுவர்ல சாமி படமும் தலைவர் படமும் வேண்டாம். யாராவது ஒருத்தருக்கு அந்தச் சுவர் அந்நியமாயிடும். நம்ம ஊருல சில ரெண்டு வண்ணம், மூணு வண்ணம் பக்கத்துல பக்கத்துல வந்தாலே கட்சி, சாதிக் கொடி ஞாபகம் வந்துடும். வெளியூர் ஓவியருக்கு அது தெரியாது. மாதிரிப் படத்துக்கு வண்ணம் போடும்போதே ஊர்க்காரங்க நாலு பேரைக் கூட வெச்சுப் பார்த்துடு.

அனுமதியை வாய்வார்த்தையில விடாதே. தமிழ்நாட்டுல பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்க 1959-லிருந்தே ஒரு சட்டம் இருக்கு. தனியார் சுவர்னா உரிமையாளர்கிட்ட கையெழுத்து, அரசுச் சுவர்னா அந்தத் துறைகிட்ட எழுத்துல கடிதம். கிராமமா இருந்தா ஜனவரி 26 கிராம சபையில பேசி ஒரு தீர்மானமா பதிவு பண்ணச் சொல்லு. ஊர் முழுக்க விஷயமும் தெரிஞ்சுடும், நேரமும் சரியா அமையும். ஐப்பசி, கார்த்திகை மழையில நனைஞ்ச சுவர் காயணும். பிப்ரவரி, மார்ச்தான் வேலைக்கு ஏத்த மாசம்.

இப்போ சுவருக்கு வா. உள்ளங்கையால தேய்ச்சுப் பாரு. வெள்ளைப் பொடி ஒட்டினா பழைய சுண்ணாம்பு, சுரண்டி எடுக்கணும். அடியில உப்புப் பூத்திருந்தா ஈரம் ஏறுதுனு அர்த்தம். அந்த ஈரம் எங்கிருந்து வருதுனு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பார்க்காம ஒரு ரூபாய்க்குக் கூட பெயின்ட் வாங்காதே. புதுசாப் பூசின சுவர்னா ஒரு மாசமாவது காயவிடு. அப்புறம் கம்பி பிரஷ், உப்புத்தாள், வெளிச்சுவருக்கான பட்டி, பிரைமர், அதுக்கு மேல வெளிச்சுவர் எமல்ஷன். எனாமல் பெயின்ட் வேண்டாம். தின்னர் வாடை பிள்ளைங்களுக்கு ஆகாது. எமல்ஷன் தண்ணியில கலக்கிறது, கையில பட்டா கழுவிடலாம். ரெண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 50 சதுர அடினு கணக்குப் போடு. 10 அடி உயரம், 50 அடி நீளச் சுவருக்குச் சுமார் 10 லிட்டர் வரும். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

ஆள் தேடும்போது உன் ஊர்ல போர்டு எழுதினவங்களை முதல்ல விசாரி. பிளெக்ஸ் பேனர் வந்ததும் பிழைப்புப் போன கலைஞர்கள் அவங்க. உயரத்துல நின்னு கை நடுங்காம எழுத்தெழுதத் தெரிஞ்சவங்க. கௌரவத்துக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிடாதே. நாள் கூலி பேசி, அன்னன்னைக்கே கொடு. ‘ஊருக்காகத்தானே’னு கலைஞனை இலவசமா வேலை வாங்குறது எனக்கு ஒப்புதலே இல்லை. சாரம் கட்டுறவருக்குக் காசு கொடுக்குற ஊர், வரையுறவருக்கும் கொடுக்கணும்.

சின்னப் படத்தைப் பெரிசாக்க, படத்துல ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம், சுவர்ல ஒரு அடிக்கு ஒரு கட்டம் போடணும். சுவர்ல நூல் அடிக்கிறது கொத்தனாருக்குக் கைவந்த வேலை. கட்டம் பார்த்து வரைய, மார்கழியில வாசலை அடைச்சுப் புள்ளிக்கோலம் போடுற அக்காங்களைக் கூப்பிடு. நோட்டுல இருக்குறதைத் தரையில பெரிசாக்கியே பழகின கை. ‘எனக்கு டிராயிங் வராதுப்பா’னு ஒதுங்குவாங்க. கோலம்தான்னு சொல்லி சாக்பீஸைக் கையில கொடு.

கோடு போட்டு முடிச்சதும் ஒவ்வொரு பகுதிக்குள்ளேயும் ஒரு எண் எழுதிடு. அதே எண்ணை பெயின்ட் டப்பா மேலயும் எழுது. மூணாம் எண் டப்பா, மூணாம் எண் இடம். ஆறு வயசுப் பிள்ளையும் அறுபது வயசுத் தாத்தாவும் இதைச் செய்யலாம். நாலடி உயரம் வரைக்கும் பிள்ளைங்களுக்கும், உட்கார்ந்தே வேலை செய்யணும்னு இருக்கறவங்களுக்கும் ஒதுக்கிடு. ஓரங்களையும் முகங்களையும் கலைஞர்கள் கடைசியில திருத்திக்குவாங்க.

சுவருக்கே வர முடியாதவங்களும் இருப்பாங்கல்ல? அதுக்கு பிலடெல்பியாக்காரங்க நல்ல வழி வெச்சிருக்காங்க. 1984-ல சுவர்ல கிறுக்குற பசங்களை நல்வழிப்படுத்த அந்த நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. அந்தப் பசங்களோட வேலை செய்ய ஜேன் கோல்டன்ங்கிற ஓவியர் வந்தாங்க. அது வளர்ந்து இன்னைக்கு ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள். அங்க பாராசூட் துணினு சொல்ற மெல்லிய செயற்கைத் துணியில துண்டு துண்டா வரைஞ்சு, அப்புறம் அக்ரிலிக் பசை தடவிச் சுவர்ல ஒட்டுறாங்க. சிறைக்குள்ள இருந்தவங்க வரைஞ்ச துண்டுகளும் இப்படித்தான் வெளியே வந்து தெருச்சுவர்ல சேர்ந்துச்சு. நீ அவ்வளவு பெரிசாப் பண்ண வேண்டாம். முதியோர் இல்லத்துலயோ, படுக்கையில இருக்கற ஒருத்தர் வீட்டுலயோ ரெண்டு துண்டு வரைஞ்சு வாங்கினா போதும். எந்தத் துணி, எந்தப் பசைனு முடிவு பண்றதுக்கு முன்னாடி சுவரோட ஒரு மூலையில சின்னத் துண்டு ஒட்டி, வெயில்ல விட்டுப் பாரு.

வேலை நேரத்தைப் பெண்களைக் கேட்டு முடிவு பண்ணு. காலையில தண்ணி பிடிக்கணும், பிள்ளைங்களைக் கிளப்பணும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல நிழல் விழுற சுவரா இருந்தா அதுவே நல்ல நேரம். பக்கத்துல யார் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம்னு முன்கூட்டியே பேசி வை. இதுக்காகவே பல பெண்கள் ஒரு மணி நேரத்துல கிளம்பிடுறாங்க. மோர், குடிதண்ணி, மேலே போற கரண்ட் கம்பி, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள், இதெல்லாம் நீயே நேர்ல பார்த்துக்கோ. வசூலான பணம், செலவான பணம் ரெண்டையும் சுவர் பக்கத்துலயே எழுதி ஒட்டு.

சென்னை கண்ணகி நகரைப் பத்திக் கேள்விப்பட்டிருப்ப. நகரத்துக்குள்ள இருந்து அப்புறப்படுத்தின குடும்பங்களை 2000-லிருந்து குடியேத்தின இடம். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குறாங்கனு அங்க இருக்கற பிள்ளைங்க வருஷக்கணக்கா வேதனைப்பட்டிருக்காங்க. 2020-ல ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஓவியர்களைக் கூட்டிட்டு வந்து குடியிருப்புச் சுவர்கள்ல பிரம்மாண்டமா வரைஞ்சப்ப, அந்தப் பேர் வேற காரணத்துக்காகப் பத்திரிகையில வந்துச்சு. அது நல்ல விஷயம். ஆனா தண்ணியும் பஸ்ஸும் வேலையும் ஓவியத்தால வந்துடாது. உன் தெருவுலயும் சாக்கடை அடைச்சிருந்தா, சுவருக்காகக் கூடின அதே ஆட்களோட கையெழுத்தை வாங்கி வார்டு கவுன்சிலர்கிட்ட மனு கொடு. கேள்வி கேட்கப் போன பிள்ளைங்க நோட்டுல அந்தப் புகார் ஏற்கனவே எழுதியிருக்கும்.

வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு வண்ணத்துலயும் அரை லிட்டர் இறுக்கி மூடி வை. டப்பா மேல உள்ள வண்ண எண்ணை நோட்டுல எழுதிக்கோ. சிவப்பும் மஞ்சளும் மேற்கு வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், காவி நிறங்கள் தாங்கும். கீழ் ரெண்டு அடி எப்படியும் மழைச்சேறு பட்டுக் கெடும், அங்க அடர் நிறமே போடு. நோட்டையும் டப்பாக்களையும் பார்த்துக்க ரெண்டு வீட்டை இப்பவே முடிவு பண்ணு. பொங்கலுக்கு அவங்கவங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வாரத்துல ஒரு ஞாயித்துக்கிழமையைச் சுவருக்கு ஒதுக்குங்க. எந்த எண்ணுல யார் வண்ணம் தீட்டினாங்கனு அந்த நோட்டுலயே இருந்தா, யாரைக் கூப்பிடணும்னு தேட வேண்டியிருக்காது.