கை கழுவ எத்தனை வாட்? – மின்திறன் பாடத்திற்கு ஒரு செயல்பாடு

டிசம்பர், சனவரி மாதங்களில் நீலகிரியில் குழாய்த் தண்ணீரைத் தொட்டாலே கை விறைத்துவிடும். சத்துணவுக்கு முன் சிறு பிள்ளைகள் விரல் நுனியை நனைத்துவிட்டு, சோப்பைத் தொடாமலே ஓடிவிடுகிறார்கள். இந்தச் சிக்கலையே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மின்திறன் பாடத்தின் கணக்காகக் கொடுத்தேன். “ஆறாம் வகுப்பில் 20 பேர். கழுவுமிடத்தில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். எந்த வாட்டர் ஹீட்டர் பொருந்தும்?”

அளந்து பார்த்தல்

தண்ணீரின் வெப்பநிலை 15°C. குழாயைச் சிறிதாகத் திறந்தால் நிமிடத்திற்கு 1 லிட்டர் வந்தது. ஒருவர் கை கழுவ அரை லிட்டர் செலவானது. ஆக, 20 பேருக்கு 10 லிட்டர். வெதுவெதுப்புக்கு 38°C போதும் என்று முடிவு செய்தோம்.

கணக்கிடுதல்

நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4200 ஜூல்/கிகி°C. தேவையான வெப்பம்:
10 × 4200 × 23 = 9,66,000 ஜூல்.
இது ஏறத்தாழ 0.27 யூனிட்.

“வாட் குறைந்தால் கரண்டு பில்லும் குறையும்” என்றே பெரும்பாலானோர் முதலில் சொன்னார்கள். காலத்தைக் கணக்கிடச் சொன்னேன். தொட்டி நீரைச் சூடாக்க 3000 வாட் ஹீட்டருக்கு 5½ நிமிடம், 1000 வாட் ஹீட்டருக்கு 16 நிமிடம். இரண்டும் எடுப்பது அதே 0.27 யூனிட்தான். திறன் வேறு, ஆற்றல் வேறு என்பது அப்போது தெளிவானது. பில் ஏறுவது, தேவையில்லாத நேரத்திலும் ஹீட்டரை ஓடவிட்டு, தொட்டியின் வெப்பம் வெளியே கசிவதால்தான்.

தேர்ந்தெடுத்தல்

குறைந்த வாட்டின் பயன் மின்னோட்டத்தில் இருக்கிறது. 230 வோல்ட்டில் 3000 வாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் என்றாலும் 8.7 ஆம்பியர். இவற்றை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் ஒயர் சூடேறி உருகக்கூடும். 1000 வாட் இழுப்பது 4.3 ஆம்பியர்தான்.

தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர் ஆகுமா? 1000 வாட்டில் நிமிடத்திற்கு 1 லிட்டர் ஓடினால் நீர் 14 டிகிரிதான் ஏறும்; 29°C. அதே ஓட்டத்தில் 3000 வாட் 43 டிகிரி ஏற்றிவிடும், 58°C. வெப்பக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பிஞ்சுக் கை வெந்துவிடும்.

வகுப்பின் முடிவு: 10 லிட்டர் தொட்டி, 1000 வாட், வெப்பக் கட்டுப்பாட்டுடன். மணி அடிப்பதற்கு 20 நிமிடம் முன் போட்டு, கழுவத் தொடங்கும்முன் அணைத்துவிட வேண்டும். எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் கட்டாயம். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி பள்ளிக்குள் வரவே கூடாது.

கவனத்திற்கு

இந்த வெந்நீர் கிருமியைக் கொல்லாது. அழுக்கையும் கிருமியையும் அகற்றுவது சோப்பும் 20 வினாடித் தேய்ப்பும்தான். வெதுவெதுப்பு, பிள்ளைகள் அந்த 20 வினாடி குழாயடியில் நிற்பதற்கு மட்டுமே.

உங்கள் பள்ளியின் நீர் வெப்பநிலையையும் சாக்கெட்டையும் மாணவர்களே பார்த்து எழுதட்டும்; விடை ஊருக்கு ஊர் மாறும்.

மதிப்பீட்டு வினா: பள்ளியில் 200 பேரும் வெந்நீரில் கழுவ வேண்டுமானால், 1000 வாட் ஹீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அது நடைமுறைக்கு ஏற்றதா?