குடல் நுண்ணுயிர்களும் சுவாச நோய்களும்

ஒரே வீட்டில் வாழும் ஐவருக்கு ஒரே சமயத்தில் இன்புளுயன்சாக் காய்ச்சல் காண்பதுண்டு. அவர்களுள் மூவர் நான்கைந்து நாட்களில் தேறிவிடுவர். ஒருவர் இரு வாரங்கள் நலிவுற்றுக் கிடப்பார். கைக்குழந்தைக்கோ நோய் நுரையீரலைப் பற்றி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வயது, முன்னர்ப் பெற்ற எதிர்ப்பாற்றல், உடலில் ஏற்கெனவே உள்ள நோய்கள், அடுப்புப் புகை முதலியன இவ்வேறுபாட்டிற்குக் காரணங்களாகும். குடலில் வாழும் பாக்டீரியாக்களும், அவற்றிற்கு இரையாகும் உணவும் இவ்வரிசையில் இடம்பெறக்கூடும் என்பது இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகளால் தெரியவருகிறது.

குடலும் நுரையீரலும்

மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்று 2016-இல் கணக்கிடப்பட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் உண்ணும் மாவுப்பொருளும் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். தவிடு, பருப்பின் தோல், கீரை, காய், கனி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருள் மட்டும் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதன் ஒரு பகுதியை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு உணவாகிறது. எஞ்சிய அமிலங்களில் ஒரு பகுதி குருதியிற் கலந்து, வெள்ளணுக்கள் பிறக்கும் எலும்பு மச்சை வரை செல்கிறது. குடலுக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு இவ்வழியே அமைகிறது.

எலிகளில் கண்டவை

2011-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகளை அளித்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தனர். பின்னர் இன்புளுயன்சா வைரஸ் செலுத்தப்பட்டபோது, அவ்வெலிகளின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தது; நுரையீரலில் வைரஸ் மிகுந்து காணப்பட்டது.

2018-இல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். வெங்காயம், பூண்டு முதலியவற்றில் காணப்படும் இனுலின் என்னும் நார்ப்பொருளை மிகுதியாக உண்ட எலிகள், இன்புளுயன்சாவினின்று அதிக அளவில் உயிர் பிழைத்தன. இதில் இரு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. வைரஸ் புகுந்த உயிரணுக்களை அழிக்கும் வெள்ளணுக்கள் வலிமை பெற்றன. நுரையீரலில் அளவுக்கு மீறித் திரண்டு திசுக்களையே சிதைக்கும் வேறுவகை வெள்ளணுக்கள் குறைந்தன. கடும் இன்புளுயன்சாவில் வைரஸால் மட்டுமன்றி, உடலின் அடங்காத எதிர்ப்பாலும் கேடு விளைகிறது. ஆதலால் இக்கண்டுபிடிப்பு கருதத்தக்கது.

ஒடிசாவில் நடந்த ஆய்வு

எலிகளுக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. எனவே பினாகி பாணிகிராஹி முதலியோர் ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஒரு பிரிவினருக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவும் அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையும் ஏழு நாட்கள் வாய்வழி அளிக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு அவை இல்லாத பொடி அளிக்கப்பட்டது. பிறந்த முதல் 60 நாட்களில், குருதி நச்சுநோயோ மரணமோ நேர்ந்தவர்கள் மறு பிரிவில் 100-க்கு 9 பேர். பாக்டீரியா பெற்ற பிரிவில் 100-க்கு 5.4 பேர். கீழ்ச்சுவாசப் பாதை நோய்களும் குறைந்தன.

இம்முடிவின் எல்லையையும் அறிதல் வேண்டும். அக்குழந்தைகள் தாய்ப்பால் உண்டவர்கள். பிறப்பு எடை 2 கிலோவிற்குக் குறையாதவர்கள். அவர்களுக்கு வந்த சுவாச நோய்கள் அனைத்தும் வைரஸால் வந்தவை என்று சொல்வதற்கில்லை. மேலும், தேர்ந்தெடுத்த ஓர் இனம் அளவறிந்து அளிக்கப்பட்டது. ஆதலின் வீட்டுத் தயிரோ கடையில் விற்கும் ஏதோவொரு பொடியோ அதே பயனைத் தரும் என்று கூறலாகாது. எலிகளுக்குத் தரப்பட்ட இனுலினும் மனிதர் நாள்தோறும் உண்ணும் அளவினும் மிக அதிகம். குறிப்பிட்ட உணவு எதுவும் வைரஸ் உடலிற் புகுவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

களப் பணியாளர் கூறத்தக்கவை

சான்று நிறைவுறாத நிலையிலும், வேறு காரணங்களால் நன்மையென ஏற்கெனவே உறுதிப்பட்ட பழக்கங்களை வற்புறுத்தலாம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கி, ஆறு மாதம் முடியும் வரை அதனை மட்டுமே ஊட்டுதல் முதலாவது. தாய்ப்பாலிலுள்ள சில சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பதில்லை. அவை பிபிடோ பாக்டீரியாக்களுக்கே உணவாகின்றன. வயது வந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளும் 400 கிராம் காய்கனிகளும் உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிறுதானியங்கள், தீட்டாத அரிசி, தவிடு நீக்காத கோதுமை, பருப்பு, கீரை ஆகியவை இதற்கு எளிய வழிகள்.

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து வாங்கி உண்பதைத் தடுத்தல் வேண்டும். அது வைரஸை அழிப்பதில்லை. குடலிலுள்ள நற்பாக்டீரியாக்களையே அழிக்கிறது. ஆயினும் மருத்துவர் நிமோனியாவெனக் கண்டு கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தலாகாது. குழந்தை நிமிடத்திற்கு விடும் மூச்சு, இரண்டு மாதத்திற்கு உட்பட்டதாயின் 60, ஓராண்டுக்கு உட்பட்டதாயின் 50, ஐந்தாண்டுக்கு உட்பட்டதாயின் 40 என்னும் அளவையோ அதற்கு மேலோ எட்டினாலும், மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. அந்நிலையில் உணவு வைத்தியம் பேசிக் காலத்தைக் கழிப்பது ஆபத்து.

வகுப்பறையில்

காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான பாலை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சிறிது மோரை உறையிடுக. மறுநாள் காலை நீல லிட்மஸ் தாளை இரண்டிலும் தோய்க்க, தயிரில் அது தெளிவாகச் சிவக்கும். பாக்டீரியாக்கள் தம் உணவை அமிலமாக்குவதை மாணவர் கண்ணாரக் காண்பர். பெருங்குடலில் நார்ப்பொருளுக்கு நேர்வதும் இதையொத்ததே என ஆசிரியர் விளக்கலாம். தடுப்பூசி, கைகழுவுதல், புகையற்ற அடுப்பு ஆகியவற்றிற்கு நல்லுணவு துணையாகுமேயன்றி மாற்றாகாது என்பதையும் அப்பாடத்திலேயே சேர்த்துக் கூறுதல் நலம்.